ரோஸ்மேரி செடி 120 ரூபாய். செடி நல்லது, மண்தான் வினை

போன ஆடியில் ஊட்டி போகிற வழியில் ஒரு நர்சரியில் ரெண்டு ரோஸ்மேரி வாங்கினேன். ஒன்று 120 ரூபாய்.

செடியைக் குறை சொல்ல முடியாது. பென்சில் கனத்தில் அடித்தண்டு. இலையைக் கிள்ளினால் விரலெல்லாம் பிசுபிசுப்பு, கற்பூரமும் தைலமும் கலந்த வாசம். "துளசிக்கும் யூகலிப்டஸுக்கும் பொறந்ததாட்ட இருக்குது" என்றார் அம்மா. பாதி சரிதான், துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் இதற்குப் பங்காளிகள்.

வினை பையில் இருந்தது. முழுக்கத் தேங்காய்நார்த் தூள். "தினமும் ஒரு சொம்பு ஊத்துங்க அக்கா" என்றார் கடைத் தம்பி. ஊற்றினேன். மூன்றாம் வாரம் ஒன்று நுனியிலிருந்து கருகியது. தண்ணீர் பத்தலையோ என்று இன்னொரு சொம்பு. கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் ஊறின புளி மாதிரி கையோடு வந்தது. மத்தியதரைக் கடலோரப் பாறைச் சரிவில் வளர்கிற ஜாதி. அதற்குப் போய்ச் சொம்புக் கணக்கு!

மற்றதைத் தூள் போக அலசி, மண் தொட்டிக்கு மாற்றினேன். பாதி செம்மண், பாதி ஆற்றுமணல், அடியில் செங்கல் துண்டு. மொட்டைமாடியில் முழு வெயில். விரலை விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இப்போது முழங்கால் உயரம். நாலு விரல் நீளத்தில் ஆறு இளங்குச்சி வெட்டி, அடி இலையை உருவி மணலில் குத்தினேன், நாலு பிடித்துக்கொண்டது. பச்சைத் தண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை மாதிரி மொட்டையடித்தால் பழுப்புக் கட்டையிலிருந்து துளிர் வராது.

தலைமுடிக்கா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இலையைக் கொதிக்கவைத்த தண்ணீரை ரெண்டு மாதம் தெளித்தேன். சீப்பில் வருகிற முடி அப்படியேதான் வருகிறது. 2015இல் வந்த ஓர் ஆய்வில் முடி கூடியது ஆறாவது மாதத்தில்; அதுவும் எண்ணெய், இந்தக் கஷாயம் இல்லை. எனக்கு இது பூண்டோடு சின்ன உருளைக்கிழங்கு வறுக்கத்தான். ஒரு கொத்து போதும், ரெண்டு போட்டால் மருந்து வாசம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நாத்தனார், அங்கே ஏப்ரல் 25 அன்று போரில் இறந்தவர்கள் நினைவாக இதைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள் என்றார்.

செத்த செடியைச் சொல்லப் போனேன். "நிழல்ல வெச்சிருப்பீங்க அக்கா" என்று சிரித்தார் தம்பி, மாற்றித் தரவில்லை. செடிக்கு நாலு நட்சத்திரம், பேச்சுக்கு ஒன்று. பக்கத்திலேயே லாவெண்டர் பூத்திருந்தது. பையை அமுக்கிப் பார்த்தேன், அதே தூள். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.