இன்டர்போலியோ: கடிதப் பெட்டிக்கு 60 டொலர் கட்டலாமா?

அமெரிக்காவில் முதுமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ விண்ணப்பிக்கும்போது ஓர் இடத்துக்கு மூன்று சிபாரிசுக் கடிதம் என்பது வழக்கம். எட்டு இடத்துக்குப் போட்டால் 24 பதிவேற்றம். ஒவ்வொரு விரிவுரையாளரின் மின்னஞ்சலிலும் எட்டு இணைப்புகள் வந்து குவியும். இந்தச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லித்தான் இன்டர்போலியோ என்ற இணைய நிறுவனத்தின் 'டோசியே' சேவை விற்கப்படுகிறது. கடிதங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, வேண்டிய இடங்களுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. கொழும்பிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அதன் இலவசப் பாதி நல்லது. காசு கட்டும் பாதி பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது.

கணக்குத் திறப்பதும் கடிதம் வாங்கிச் சேர்த்து வைப்பதும் இலவசம். பெயர், மின்னஞ்சல், திகதி கொடுத்துக் கோரிக்கை அனுப்பினால் கடிதம் எழுதும் சேருக்கு ஓர் இணைப்புப் போகும். அதில் அவர் பீடிஎஃப்பை ஏற்றிவிடுவார், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இரகசியக் கடிதத்தை உங்களால் அனுப்ப முடியும், திறந்து பார்க்க முடியாது. இரகசியக் கடிதமாகவே கேளுங்கள். 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று, சேர்ந்த மாணவர் தன் கோப்பைப் பார்க்கலாம் என்கிறது. விண்ணப்பப் படிவம் 'அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா' என்று கேட்பது அதனால்தான். 'இல்லை' என்று போட்டால், மாணவர் பார்க்கக்கூடும் என்று தெரிந்து எழுதிய கடிதம் என்றே தெரிவுக்குழு அதை எடைபோடும்.

அடுத்த வருடம் ஓய்வுபெறும் பேராசிரியர், சபாட்டிக்கல் லீவில் போகிறவர், ஒப்பந்தம் முடிந்து வெளிநாடு புறப்படும் விரிவுரையாளர் ஆகியோரிடம் இப்போதே கடிதம் வாங்கி வைக்கத்தான் இந்த இலவசப் பெட்டி. பல்கலைக்கழக மின்னஞ்சல் நின்றுபோன பிறகு அவர்களைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கடிதத்தைப் பார்க்க முடியாததால், உள்ளே ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியவராது. அது எட்டு இடத்துக்கும் அப்படியே போகும். கோரிக்கைக் குறிப்பிலேயே 'எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம், துறையின் பெயர் மட்டும் போதும்' என்று எழுதிவிடுங்கள்.

காசு கட்டும் பாதிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 60 டொலர், 50 அனுப்புகைகள். பெட்டியிலுள்ள ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று உருவாகும். பல்கலைக்கழகத்தின் இணைய விண்ணப்பப் போர்ட்டலில் சேரின் பெயரைப் போட்டு, மின்னஞ்சல் இடத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால், கடிதம் சேர் தலையிடாமலே போய்ச் சேரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல போர்ட்டல்கள் கடிதத்தோடு நிற்பதில்லை. 'இவர் உங்கள் மாணவர்களில் முதல் 5 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா' என்று ஓர் அட்டவணையையும் நீட்டும். அதைக் கடிதப் பெட்டி நிரப்பாது, சேர்தான் நிரப்பவேண்டும். சில துறைகள் இடைச்சேவை வழியாக வரும் கடிதம் வேண்டாம் என்று அறிவுறுத்தலிலேயே எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் 60 டொலர் கட்டுவது வீண். இருபது, முப்பது விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் கலாநிதிப் பட்டதாரிக்கு இந்தக் காசு பெறுமதி. ஏழெட்டு முதுமாணி விண்ணப்பத்துக்குப் பெறாது.

கொழும்பில் கடிதம் தவறுவது பெரும்பாலும் இந்தச் சேவை தொடாத இடங்களில்தான். முதலாவது நேரம். 'டிசம்பர் 15, இரவு 11:59' என்பது நியூயோர்க் நேரமானால் இங்கே 16ஆம் திகதி காலை 10:29, கலிபோர்னியா நேரமானால் பிற்பகல் 1:29. சேருக்குக் கொடுக்கும் பட்டியலில் இலங்கை நேரத்தை மட்டும் போடுங்கள், அதையும் ஒரு வாரம் முந்தி. அடுத்தது முகவரி. ஜிமெயிலை ஏற்காத போர்ட்டல்கள் உண்டு, ஆகவே ஏ.சி.எல்.கே என்று முடியும் பல்கலைக்கழக முகவரியைக் கேட்டு வாங்குங்கள். இணைப்பு ஸ்பாமில் விழுந்திருக்கலாம். அனுப்பிய மறுநாளே ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுவிடுவது நல்லது. சில போர்ட்டல்கள் பெயரைச் சேமித்தவுடன் இணைப்பை அனுப்பும், சில விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் அனுப்பும். பின்னைய வகையில் கடைசி நாள்வரை காத்திருந்தால் சேருக்கு மிஞ்சுவது சில மணித்தியாலங்கள்தான்.

ஆறு வாரத்துக்கு முன்பே சேரைச் சந்தித்து டிரான்ஸ்கிரிப்ட், சிவி, நோக்க அறிக்கையின் வரைவு, அவரிடம் படித்த பாடங்களும் புள்ளிகளும், செய்த புரொஜெக்ற் பற்றிய ஐந்தாறு வரிகள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். 'நீரே எழுதிக்கொண்டு வாரும், ஒப்பம் வைக்கிறேன்' என்பது இங்கே சகஜமான பதில். முழுக் கடிதத்தை எழுதிக் கொடுத்தால் மூன்று கடிதமும் ஒரே குரலில் பேசும், வாசிக்கிறவருக்குப் பட்டென்று தெரிந்துவிடும். விவரக் குறிப்புகளை மட்டும் கொடுத்து, மொழியை அவரிடமே விடுங்கள். வேலைத்தலத்து எச்.ஆர். தரும் சேவைக் கடிதம் சிபாரிசுக் கடிதம் ஆகாது. அதில் பதவியும் திகதியும் மட்டும்தான் இருக்கும்.

ஒட்டிய உறையில் கடிதம் தந்தால், கொமினிகேஷன் கடையில் பிரித்து ஸ்கேன் பண்ணாதீர்கள். துறை அலுவலகத்திலேயே லெற்றர்ஹெட்டும் ஒப்பமும் தெரிய 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து சேரே ஏற்றும்படி கேளுங்கள். காலி வீதி முகவர் நிலையம் எதுவாவது 'கடிதத்தையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லி, சேர் பெயரில் தாங்களே ஒரு மின்னஞ்சல் திறந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகம் துறையின் இணையத்தளத்திலுள்ள முகவரிக்கே எழுதி விசாரிக்கும். மோசடி என்று தெரிந்தால், கொடுத்த அனுமதியையும் பிறகு இரத்துச்செய்ய முடியும்.