மாமாவுக்கு இலவசம், எனக்கு 150 வெள்ளி

திருச்சி உறையூரிலிருந்து என் தாய்மாமா வந்திருந்தார். வந்த மூன்றாம் நாளே, "பறவைப் பூங்கால்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அந்தக் கேசினோவை ஒரு தடவை காட்டிடு பாப்பா" என்றார். வயது 64. முப்பது வருஷமாக மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுகிறவர். "ரம்மி திறமை விளையாட்டுன்னு 1967லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு" என்று அத்தை வாயை அடைத்தே காலம் தள்ளியவர். அங்கே இருப்பது ரம்மி இல்லை மாமா என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

சிங்கப்பூரில் சூதாட்டக்கூடம் இருப்பதே இரண்டு. இரண்டும் 2010இல் திறந்தவை. நாங்கள் போனது எதற்கு என்று சொல்லப் போவதில்லை. நம்மைப் போல ஆண்டுக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இரண்டிலும் கணக்கு ஒன்றேதான். எனக்கு ஜூரோங்கில் ஒரு கிடங்கில் கணக்குப் பிரிவில் வேலை. அதனால் சரவிளக்கு எத்தனை, கம்பளம் என்ன நிறம் என்பதை விட எதற்கு எவ்வளவு போனது என்றுதான் என்னால் எழுத முடியும்.

முதல் செலவு வாசலிலேயே. குடிமக்களுக்கும் என்னைப் போன்ற நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 24 மணி நேரத்துக்குச் செல்லும். 2019 ஏப்ரல் வரை 100 வெள்ளியாக இருந்தது. ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 3,000. (அப்படிக் கட்டுகிறவர் யாராவது என்னிடம் கைமாற்று கேட்டால் தர மாட்டேன்.) வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், காசு கிடையாது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மாமா தன் பாஸ்போர்ட்டை நீட்டி, ஒரு வெள்ளி கொடுக்காமல் உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நம்ம பாஸ்போர்ட்டுக்கு இங்கதான்டீ மரியாதை."

கிளம்புமுன் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். சிராங்கூன் ரோட்டில் மாமா மாற்றிய பணத்தில் 300 வெள்ளியை எடுத்து, சீனப் புத்தாண்டுக்கு வந்து மிச்சமிருந்த அங்பாவ் உறைகளில் நூறு நூறாக மூன்றாகப் போட்டேன். மணிக்கு ஓர் உறை. முன்னாலேயே தீர்ந்துவிட்டால், அடுத்த மணி வரும் வரை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஏடிஎம் அட்டைகள் இரண்டும் என் வீட்டு அரிசி டப்பாவில். கூடத்துக்குள் ஏடிஎம் வைக்கச் சட்டமே இடம் கொடுக்கவில்லை, ஆனால் வெளியே நடந்தால் இருக்கிறது. பத்து நிமிட நடை ஒரு மனிதனை நிறுத்திவிடும் என்று நம்ப நான் தயாரில்லை.

நாளும் பார்த்துத்தான் போனோம், செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு. சனிக்கிழமை இரவு என்றால் மேசையின் குறைந்தபட்சப் பந்தயத்தை ஏற்றிவிடுவார்கள். எங்களுக்கு 25 வெள்ளி பக்கராட் சீட்டாட்ட மேசை கிடைத்தது. மாமா நூறு வெள்ளியை எடுத்து விநியோகிக்கும் பெண்ணின் கையில் கொடுக்கப் போனார். அவர் வாங்கவில்லை, மேசை மேல் வைக்கும்படி காட்டினார். மேலே கேமரா பார்ப்பதால் பணம் கைக்குக் கை மாறக் கூடாது. கைபேசியையும் மேசையில் வைக்கக் கூடாது. இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னார்கள். ஊழியர்களுக்கு முழு மதிப்பெண்.

பக்கராட்டில் யோசிக்க ஒன்றுமே இல்லை. பேங்கர், ப்ளேயர் என்று இரண்டு பக்கம், எது ஒன்பதுக்குக் கிட்டே வரும் என்று பந்தயம். சீட்டு எப்போது இழுப்பது என்பதெல்லாம் முன்பே வகுத்த விதி. பேங்கர் பக்கம் கட்டினால், ஜெயிக்கும்போது 5 சதவீதக் கழிவு போக, நூறு வெள்ளிக்குச் சராசரியாக 1.06 வெள்ளி வீட்டுக்குப் போகிறது. இங்கே வீடு என்றால் அவர்கள் வீடு. ப்ளேயர் பக்கம் 1.24. மூன்றாவதாக டை, இரண்டு பக்கமும் சமமாக வரும் என்ற பந்தயம், எட்டு மடங்கு தருவார்கள். அதில் நூறுக்கு 14 வெள்ளிக்கு மேல் போகிறது. இதை ரயிலிலேயே சொல்லியிருந்தேன்.

மாமா உட்கார்ந்ததும் டையில் 25 வைத்தார்.

போனது. மறுபடி டை. வந்தது! 200 வெள்ளி சிப்பைத் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் சிவப்பும் நீலமுமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பாட்டிகூட நிமிர்ந்து பார்த்தார். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே, உறையூர் மன்றத்தின் மொத்தப் பெருமையும் அதில் இருந்தது. டிப்ஸ் என்று ஒரு சிப்பை நீட்டினார், அந்தப் பெண் தலையசைத்து மறுத்துவிட்டார். கையில் 275. அதன் பிறகு வரிசையாகப் பதினோரு கை டையிலேயே வைத்தார். பதினொன்றும் போயின. 11 பெருக்கல் 25, 275. ஒரு மணி நேரத்துக்கான உறை பதினைந்து நிமிடத்தில் காலி.

"அந்த போர்டைப் பாரு, பத்து தடவைக்கு ஒண்ணு வந்துக்கிட்டுதான் இருக்கு" என்றார். வருகிறதுதான். நூறு கைக்கு ஒன்பது பத்து தடவை வரும். அதற்கு எட்டு மடங்கு தந்தால் யாருக்கு லாபம்? முந்தின கைகளின் முடிவைக் காட்டும் அந்தப் பலகையை மேசைக்கு மேசை மாட்டி வைத்திருக்கிறார்கள். முந்தின கை என்ன வந்தது என்பதைச் சீட்டுக்கு யாரும் சொல்வதில்லை. வாடிக்கையாளர் ஜெயிக்க உதவுகிற பொருளாக இருந்தால் அதை ஓசியில் மாட்டியிருக்க மாட்டார்கள் என்றேன். மாமா பதில் சொல்லவில்லை.

அடுத்த முக்கால் மணி நேரம் சுற்றினோம். மூன்று பகடை உருட்டும் தாய் சாய் மேசையில் பெரியது, சிறியது பந்தயம் மட்டும் பரவாயில்லை, 2.78 சதவீதம். மூன்று பகடையிலும் குறிப்பிட்ட ஒரே எண் வரும் என்ற கட்டம்தான் கண்ணைப் பறிக்கும். அது 216இல் ஒரு வாய்ப்பு. நியாயம் என்றால் 215 மடங்கு தர வேண்டும், எந்த மேசையும் அவ்வளவு தருவதில்லை. ரூலெட் சக்கரத்தில் ஒற்றைச் சுழியமா இரட்டைச் சுழியமா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஒற்றை என்றால் 2.7 சதவீதம், இரட்டை என்றால் 5.26. ஒரு பச்சைக் கட்டத்துக்கு இவ்வளவு விலை. பொத்தான் இயந்திரங்களில் நான் காசு போடவில்லை. ஒரு அம்மாள் அழுத்துவதை நின்று எண்ணினேன், நிமிடத்துக்குப் பத்து. 50 காசு என்றாலும் மணிக்கு 300 வெள்ளி உருள்கிறது. அதில் எத்தனை சதவீதம் உள்ளே நிற்கும் என்று இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கவில்லை.

நான் ஆடியது திரை வழியாக ஆடும் ஒற்றைச் சுழியச் சக்கரம். ஐந்து வெள்ளி, சிவப்பு மட்டும். மணிக்கு நாற்பது சுற்று என்றால், 200 வெள்ளி உருண்டு சராசரியாக 5.40 போகும். ஆட்டத்தின் விலை இதுதான். பந்தயத் தொகை, மணிக்கு எத்தனை தடவை, சதவீதம், மூன்றையும் பெருக்கினால் வந்துவிடும். மேசையில் கூட்டம் அதிகமாக இருந்தால் ஆட்டம் மெதுவாகப் போகும், செலவு குறையும். காலி மேசையில் தனியாக உட்கார்ந்து ராஜா மாதிரி ஆடுகிறவருக்குத்தான் அதிகச் செலவு.

பானம் இலவசம். மைலோ, தேநீர், தண்ணீர், இயந்திரத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும். மைலோ தித்திப்பு அதிகம். ஏசி குளிர், சால்வை எடுத்துப் போங்கள். புகை பிடிக்கத் தனி இடம் இருந்தாலும் என் சேலையில் வாடை ஏறிவிட்டது. சாப்பாட்டு விலை கோப்பிக்கடையைப் போல இரு மடங்கு. உள்ளே ஒரு கடிகாரம்கூட என் கண்ணில் படவில்லை.

அந்த மைலோ இயந்திரத்தின் அருகில்தான் ஒரு தம்பியைப் பார்த்தேன். சிவகங்கைப் பக்கம், ஒர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலை. தமிழ் கேட்டதும் தானாகவே பேசினான். "உள்ள வர ஃப்ரீதானே அக்கா. ஏசி, மைலோ. ரூம்ல படுத்துக் கெடக்கறதுக்கு இது தேவலன்னு வந்தேன். மொத நாளே 400 ஜெயிச்சேன். அதான் வினை." ரெண்டு மாசமாக வீட்டுக்குக் குறைத்துத்தான் அனுப்புகிறானாம். ஓவர்டைம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறானாம்.

150 வெள்ளி என்னிடம் வாங்குகிறார்களே என்று அதுவரை எரிச்சலோடுதான் இருந்தேன். அந்தக் கட்டணம் அறப்பணிகளுக்காக டோட்டலிசேட்டர் வாரியத்துக்குப் போகிறது என்பதெல்லாம் அப்போது மனதை ஆற்றவில்லை. அந்தப் பையனைப் பார்த்த பிறகு, அவனிடமும் யாராவது வாசலில் 150 கேட்டிருக்கக் கூடாதா என்றிருந்தது.

இந்த இடத்தோடு சேர்ந்த சேவைகளில் நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பது ஒன்றுக்குத்தான், கூடத்துக்கு வெளியே இருக்கும் சுயவிலக்கு மனு. சூதாட்டப் பிரச்சினைக்கென்று இருக்கும் தேசிய மன்றத்திடம், என்சிபிஜி என்பார்கள், "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று நாமே எழுதிக் கொடுக்கலாம். இணையத்திலேயே போடலாம், செலவில்லை. வெளிநாட்டு ஊழியரும் போடலாம். போட்டால் ஓராண்டுக்காவது மாற்றிக்கொள்ள முடியாது. குடும்பத்தார் மனுப் போட்டு ஒருவரை விலக்கவும் வழி உண்டு. திவாலானவர்கள், அரசாங்க நிதியுதவி பெறுகிறவர்கள் யாரும் மனுப் போடாமலேயே விலக்கப்பட்டிருப்பார்கள். தம்பியிடம் சொன்னேன். "தெரியும் அக்கா, எங்க ரூம்லயே ரெண்டு பேரு போட்டுட்டாங்க" என்றான். நீ? "போடணும்" என்று சொல்லிவிட்டு, கோப்பையோடு இயந்திரங்கள் பக்கம் நடந்தான்.

இரண்டாவது உறைக்கு மாமா வேறு ஆளாக இருந்தார். முகம் சுருங்கிப் போய், "சரி, உன் பேங்கரே வெக்கிறேன்" என்றார். ஒவ்வொரு கைக்கும் 25, ஏற்றவும் இல்லை இறக்கவும் இல்லை. நான் பின்னால் நின்று கைபேசியில் எண்ணிக்கொண்டேன் (மேசையிலிருந்து நாலடி தள்ளி நின்றுதான்). சமமாக வந்த கைகளை விட்டால் 48 கை. 25 ஜெயித்தார், 23 தோற்றார். கழிவு போக லாபம் 18 வெள்ளி 75 காசு. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. நடுவில் ஒரு தடவை கையில் ஒரே ஒரு சிப்பு மிஞ்சியது. அந்தக் கையில் பேங்கர் எட்டுக்கு ஏழு என்று ஜெயித்தபோது நானும் கத்திவிட்டேன், மறைக்க விரும்பவில்லை. அந்த ஐந்து விநாடிக்குத்தான் ஆட்கள் வருகிறார்கள் போல.

மூன்றாவது உறைக்குச் சண்டையே நடந்தது. "இப்பத்தான் கை வந்திருக்கு, எடு." கை வந்ததால்தான் எடுக்கவில்லை மாமா. "ஜெயிச்சா வரி கிரி உண்டா?" இங்கே இல்லை, ஊரில் கணக்குக் காட்டினால் 30 சதவீதம். அதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தார். பசியும் சேர்ந்துகொண்டது. ஐந்து மணிக்கு வெளியே வந்தோம். உறுப்பினர் அட்டை வாங்கச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். புள்ளி சேர்ப்பதற்காகவே இன்னும் ஒரு மணி நேரம் உட்காருகிற ஜாதி நான், எனக்குத் தெரியும்.

கணக்கு இதுதான். எனக்கு நுழைவு 150, ஆட்டத்தில் போனது 35, ஆக 185. நான்கு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 46 வெள்ளி 25 காசு. மாமாவுக்கு முதல் உறை 100 போய், இரண்டாவதில் 18.75 வந்து, நிகரமாக 81.25. என் நிலையில் இருக்கிறவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்ல மாட்டேன். ஐந்து வெள்ளி ஆட்டத்துக்கு 150 வெள்ளி வாசல் கட்டணம் கட்டுவது, கொத்தமல்லி வாங்க டாக்சியில் போவது மாதிரி. ஊரிலிருந்து வருகிறவர்கள் ஒரு மதியம் பார்க்கலாம், கூட உறை பிடிக்க ஓர் ஆள் இருந்தால்.

வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் கேசினோ பக்கமே போகாதவர். புதன், சனி, ஞாயிறு தவறாமல் ஃபோர்டி (4D) என்ற நாலு இலக்க லாட்டரி வாங்குகிறவர். பத்தாயிரம் எண்ணுக்கும் ஒரு வெள்ளி "பெரியது" கட்டினால் எல்லாப் பரிசும் சேர்ந்து 6,590 வெள்ளிதான் திரும்ப வரும், வெள்ளிக்கு 34 காசு போகிறது, மாமாவின் டை பந்தயமே தேவலை என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அது வேற, இது வேற" என்றார்.

திரும்பும் வழியில் தெக்காவில் இறங்கித் தோசை சாப்பிட்டோம். மாமா அத்தைக்குப் போன் போட்டார். "உள்ள போக ஒரு பைசா வாங்கலடீ. பாப்பாகிட்டதான் தீட்டிட்டாங்க." அந்த டையில் வந்த 200ஐப் பற்றி மூன்று நிமிடம் சொன்னார். பிறகு, நான் திருப்பிக் கொடுத்திருந்த பிரிக்காத உறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, முஸ்தபா கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று என்னைக் கேட்டார்.