டாக்ஸிசைக்ளின் 100: 14 கேப்சூல் விழுங்கியவனின் மதிப்புரை

மிக்சிக்கு எழுதியிருக்கிறேன், செருப்புக்கு எழுதியிருக்கிறேன். மருந்துக்கு, அதுவும் ஒரு ஆன்டிபயாடிக்குக்கு, மதிப்புரை எழுதுவது இதுதான் முதல் தடவை. உயிரைக் காப்பாற்றியதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நடுராத்திரி மூன்று மணிக்கு இது என்னைக் கதற வைத்த கதையும் இருக்கிறது.

குடியாத்தம் பக்கம் ஊர். ஜெராக்ஸ் கடை, வீட்டில் இரண்டு மாடு. போன டிசம்பரில் மழை விட்டதும் ஏரிக்கரையில் நாலைந்து நாள் புல் அறுத்தேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மண்டை பிளக்கிற தலைவலி. எல்லோரையும் போல நானும் தெருமுனை மெடிக்கலில் ‘செட் மாத்திரை’ வாங்கினேன். நாலைந்து அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சின்னக் கவரில் போட்டு, ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்று தருவார்களே, அதுதான். மூன்று நாள் தின்றேன். காய்ச்சல் அசையவில்லை.

அரசு மருத்துவமனை டாக்டரம்மா அந்தக் கவரைக் கொட்டிப் பார்த்தார். ஒரு துண்டின் முதுகில் சிவப்புக் கோடு, பெயரில் பாதி. செஃபிக்சிம் என்றார், இதுவும் ஒரு ஆன்டிபயாடிக். அது எச்1 பட்டியலில் உள்ள மருந்து. 2014 முதல் அந்தப் பட்டியலில் உள்ளதைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிய டாக்டர் பெயர், வாங்கியவர் பெயர் எல்லாம் தனி நோட்டில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்கவும் வேண்டும். என் பெயரை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் சட்டையைத் தூக்கச் சொன்னார். அக்குள், கழுத்து, இடுப்பு என்று எதையோ தேடினார். அரைஞாண் கயிற்றுக்கு ஒரு விரல் கீழே கிடைத்தது: சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, குளிக்கும்போதுகூட நான் பார்க்கவில்லை. “ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல்னு சொல்வாங்களே, அது. புல்லுக்குள்ள போனீங்களா?” என்றார். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவதாம். கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே குடியேறிவிடுமாம். செஃபிக்சிமுக்கு அது மசியாது. ஆக, மூன்று நாளும் நான் தின்றது வீண். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று இறங்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே டாக்ஸிசைக்ளினைத் தொடங்கிவிட்டார். 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 7 நாள்.

இனி மருந்துக்கு வருகிறேன். வேகம் என்றால் வேகம். இரண்டாம் நாள் இரவு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, மறுநாள் காலையில் இட்லி கேட்டேன். அதற்கு முன் ஒரு வாரமாகத் தண்ணீரே கசந்தது. 1967லிருந்து புழக்கத்தில் இருக்கிற பழைய மருந்து, விலையும் மலிவு.

நான்காம் நாள்தான் வினை. கடையைப் பூட்டிவிட்டு வர பத்தரை ஆகிவிட்டது. கேப்சூலை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே பாயில் சாய்ந்தேன். மூன்று மணிக்கு நெஞ்சு நடுவில் கடப்பாரையால் குத்துகிற மாதிரி வலி. எச்சில் விழுங்க முடியவில்லை. ஹார்ட் அட்டாக் என்றே முடிவு கட்டி, மச்சான் பைக்கில் மருத்துவமனைக்கு ஓடினோம். ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. காலையில் டாக்டரம்மா கேட்டது இரண்டே கேள்வி. “எவ்வளவு தண்ணி குடிச்சீங்க? உடனே படுத்துட்டீங்களா?” கேப்சூல் வயிற்றுக்குப் போகாமல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக் கரைந்து அங்கே புண்ணாக்கிவிட்டது. முழு டம்ளர் தண்ணீர், அப்புறம் குறைந்தது அரை மணி நேரம் படுக்கக் கூடாது. முதல் நாளே சொன்னாராம். காய்ச்சல் மயக்கத்தில் என் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து இரவு எட்டு மணிக்கே சாப்பாடு, மருந்து, பிறகு மாட்டுக் கொட்டகைக்கு ஒரு நடை. புண் ஆற வேறு மாத்திரை தந்தார். மூன்று நாள் ஆறின கஞ்சிதான்.

இதில் ஒரு கூத்து. நெஞ்செரிச்சலுக்கு மனைவி, “என்னங்க, இதைக் கொஞ்சம் குடிங்க” என்று அலமாரியில் இருந்த பிங்க் நிற ஆன்டாசிட் பாட்டிலை எடுத்து வந்தாள். நல்லவேளையாக மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்டுவிட்டேன். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவே விடாதாம். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரைக்கும் இதே கதைதான். பாலும் கொஞ்சம் குறைக்கும் என்றார். சரி, கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு டீயைத் தள்ளிப் போட்டேன். மாடு வைத்திருப்பவனுக்கு அதுதான் பெரிய தண்டனை.

ஆறாம் நாள் மதிய வெயிலில் மாட்டை மாற்றிக் கட்டினேன், அரை மணி நேரம்தான். சாயங்காலம் சட்டைக் கைக்குக் கீழே இரண்டு கையும் சிவந்து எரிந்தது. இந்த மருந்துக்கு வெயில் ஆகாது. அதையும் அனுபவித்துத்தான் கற்றேன்.

வீட்டில் வேறு பங்கு கேட்டார்கள். மச்சானுக்குத் தொடையில் ஒரு கட்டி. “உங்களுக்குத்தான் சரியாயிடுச்சே மாமா, மிச்சம் நாலு இருக்கே” என்றான். மிச்சம் இல்லை, அது என் கணக்கு என்றேன். அதே வாரம் ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மைத்துனிக்குக் காய்ச்சல் வர, மாமியார் அட்டையில் கை வைத்துவிட்டார். இந்த வகை மருந்து வயிற்றில் இருக்கும் குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் போய்ப் படியும். பிடுங்கி பீரோவுக்குள் வைத்தேன். மைத்துனிக்கு வெறும் சளிக்காய்ச்சல்தான்.

மருந்துக்கு நாலரை நட்சத்திரம். அட்டைக்கு ஒன்றரை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது, ஆங்கிலத்தில், எறும்புக் கால் அளவு எழுத்தில். தண்ணீர் பற்றி ஒரு வரிகூட நான் வாங்கிய அட்டையில் இல்லை. என் கடை மெஷினில் அட்டையை 200 சதவீதம் பெரிதாக்கிப் பிரதி எடுத்து, அதன் கீழே ஸ்கெட்ச் பேனாவால் ‘ஒரு டம்ளர் தண்ணீர். படுக்காதே’ என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இன்னும் அங்கேயே இருக்கிறது. மாமியார் தன் பி.பி. மாத்திரையையும் அதன் எதிரே நின்றுகொண்டுதான் விழுங்குகிறார்.