அரைக் கோடு தள்ளி நிற்கும் முள்

சர்வீஸ் முடிந்து வாட்ச் வந்துவிட்டது. நேரம் துல்லியமாகக் காட்டுகிறது, கை அசைவில் சுற்றிச் சாவி கொடுக்கும் ரோட்டர் ஒழுங்காகச் சுற்றுகிறது. ஆனால் ரீசெட் பட்டனை அழுத்தினால் குரோனோகிராஃப், அதாவது வாட்சுக்குள் இருக்கும் ஸ்டாப்வாட்ச், அதன் வினாடி முள் 12-க்கு நேராக வராமல் அரைக் கோடு தள்ளி நிற்கிறது. இதே எந்திரம் உள்ள வாட்ச் வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

உள்ளே இருப்பது வால்ஜூ 7750 என்ற குரோனோகிராஃப் எந்திரம். எட்மண்ட் காப்ட் வடிவமைத்து 1974-இல் வெளிவந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ரீசெட் செய்யும் கீழ்ப் பட்டனைப் பற்றி மட்டும்.

வினாடி முள்ளைத் தாங்கும் அச்சில் இதய வடிவில் சிறிய எஃகுத் தகடு ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் ஒரு சுத்தியல் அதன் விளிம்பில் அறைகிறது. வளைவில் எங்கே அடி விழுந்தாலும் தகடு வழுக்கிச் சுழன்று, தன் பள்ளமான பக்கம் சுத்தியலுக்கு நேராக வந்த பிறகுதான் நிற்கும். 1844-இல் கடிகாரத் தயாரிப்பாளர் அடால்ஃப் நிக்கோல் காப்புரிமை பெற்ற யோசனை இது. முள் 20-ஆவது வினாடியில் நின்றிருந்தால் பின்னோக்கிப் பாயும். 40-இல் நின்றிருந்தால் முன்னோக்கிப் போய் 12-ஐத் தொடும். எந்தப் பக்கம் தூரம் குறைவோ அந்தப் பக்கம். அதைத் தீர்மானிப்பது வளைவின் சரிவு ஒன்றுதான். அதே சுத்தியலின் இன்னொரு முகம் குரோனோகிராஃபின் நிமிடங்களை எண்ணும் சிறு முள்ளின் இதயத்தையும் அதே நொடியில் அடித்துத் திருப்புகிறது. நேரம் அளக்க வேண்டிய தேவை எதுவும் இல்லாதபோதும் இதை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி அனுப்பிப் பார்க்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் சலித்ததில்லை.

அதனால்தான் இந்த அரைக் கோடு இவ்வளவு எரிச்சலூட்டுகிறது. ஒவ்வொரு முறையும் முள் ஒரே அளவு தள்ளி நின்றால் இதயமும் சுத்தியலும் சரியாக வேலை செய்கின்றன, முள்ளை அச்சில் பொருத்தியவர்தான் கவனிக்கவில்லை என்று பொருள். முறைக்கு முறை வேறு இடத்தில் நின்றால் முள்ளின் பிடி தளர்ந்து, அடியின் அதிர்ச்சியில் நழுவுகிறது என்று சந்தேகிக்கலாம். என்னுடையது முதல் வகை. சுத்தியல் இதயத்தை அழுத்திப் பிடித்திருக்கும்போது முள்ளை 12-க்கு நேராக வைத்து அழுத்தி, சில முறை ரீசெட் செய்து பார்த்திருந்தால் போதும். அந்தப் பொறுமைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

எந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம். முள்ளை நேராக வைத்துத் தரும் ஒருவரை முதலில் கண்டுபிடியுங்கள், வாட்சைப் பிறகு பார்க்கலாம். என்னுடையதை விற்க மாட்டேன். திங்கட்கிழமை அதே பட்டறைக்குப் போய், பழுதுபார்த்தவரின் கண் முன்னால் ரீசெட் பட்டனை அழுத்திக் காட்டப் போகிறேன்.