‘வேற பெஸ்ட் ஃப்ரெண்ட் தேடிக்கிட்டு இருக்கீங்களா?’: யு-மிக்ஸ் வினாத்தாள், ஒரு மதிப்பீடு

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் அடையாள உருவாக்கத்தை, அதாவது ‘நான் யார், எந்த வழியில் போகிறேன்’ என்று அவர்கள் தேடித் தெளிவதை அளக்க ஒரு தாள் வேண்டும் என்று தேடுகிற கவுன்சலருக்கோ, ப்ராஜெக்ட் செய்யும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவருக்கோ நான்கைந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அவற்றில் சின்னதும் சிக்கனமானதும் யு-மிக்ஸ் (U-MICS). எலிசபெட்டா குரோசெட்டி, மோனிகா ருபினி, விம் மீயுஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2008-இல் வெளியிட்டது. பெயரில் உள்ள ‘யு’ நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரம். மொத்தம் 26 வரிகள்: படிப்பைப் பற்றி 13, அதே அச்சில் நெருங்கிய நண்பரைப் பற்றி 13. ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். பத்து பதினைந்து நிமிட வேலை.

அந்த 13 வரியும் மூன்று கட்டாகப் பிரியும். முதல் 5 வரி பிடிப்பு: இந்தப் படிப்பு அல்லது இந்த நண்பர் தன்னம்பிக்கை தருகிறாரா, நாளையைப் பற்றித் தெம்பு தருகிறாரா. அடுத்த 5 தேடல்: அதைப் பற்றி யோசிக்கிறீர்களா, புதிதாகத் தெரிந்துகொள்கிறீர்களா, பிறரிடம் பேசுகிறீர்களா. கடைசி 3 மறுயோசனை: வேறொன்று கிடைத்தால் தேவலை என்று தோன்றுகிறதா.

இந்த மூன்றாவது கட்டுதான் இதன் தனிச்சரக்கு. அடையாளத்தைப் பற்றி உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்னதை வைத்து, இன்னொரு உளவியலாளரான ஜேம்ஸ் மார்சியா 1966-இல் நான்கு பெட்டி போட்டார்: தேடிப் பார்த்து முடிவெடுத்தவர், தேடாமலே முடிவை ஏற்றவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், தேடலும் இல்லாமல் முடிவும் இல்லாமல் இருப்பவர். ‘அப்பா சொன்னார், சிவில் எடுத்தேன்’ என்கிற பையன் இரண்டாம் பெட்டி. ஆனால் அதே பையன் மூன்றாம் செமஸ்டரில் ‘இது நமக்குச் சரிப்படுமா’ என்று யோசிக்க ஆரம்பித்தால் அவனை எங்கே வைப்பது? யு-மிக்ஸ் கேட்பது அதைத்தான்: கையில் இருப்பதை வைத்துக்கொண்டு நீ இப்போது என்ன செய்கிறாய்? 17 வயதுக்கும் 22 வயதுக்கும் நடுவில் கேட்கத் தகுந்த கேள்வி இதுவே.

தமிழ்வழி மாணவர்களிடம் கொண்டுபோகும்போது வம்பு வரிகளில் தொடங்குகிறது. நண்பர் பகுதியின் தேடல் கட்டில், அவரைப் பற்றிப் பிறரிடம் அடிக்கடி பேசுவீர்களா என்றும், பிறர் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று விசாரிப்பீர்களா என்றும் இரண்டு வரிகள் உண்டு. மூலத்தில் இவை அக்கறையின் அடையாளம். ‘என் தோழியைப் பற்றி மற்றவர்களிடம் அடிக்கடி பேசுவேன்’ என்று நேராக எழுதிப் பாருங்கள்: புறம் பேசுவது, போட்டுக்கொடுப்பது என்றுதான் காதில் விழும். நல்ல தோழி என்று தன்னை நினைப்பவள் 1-ஐ வட்டமிடுவாள். தேடல் மதிப்பெண் இறங்கிவிடும், காரணம் தேடல் இல்லாதது அல்ல, வாக்கியம். ‘எங்கள் நட்பு எப்படிப் போகிறது என்று நம்பிக்கையானவர்களிடம் பேசுவதுண்டு’ என்று திருப்பினால் பொருள் பெரும்பாலும் தப்பிக்கிறது. ஆனால் அப்படித் திருப்பியதை அறிக்கையில் சொல்லியாக வேண்டும். பிற நாட்டு எண்களோடு அந்தக் கட்டை ஒப்பிடவும் கூடாது.

‘படிப்பு’ என்ற சொல்லும் லேசுப்பட்டதல்ல. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பள்ளியா, எடுத்த குரூப்பா, அடுத்து சேரப்போகும் டிகிரியா? மூன்று பேர் மூன்று விதமாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னால் சராசரிக்கு அர்த்தமே இல்லை. தாளின் தலையில் ‘இப்போது நீங்கள் படிக்கும் குரூப்பை மனதில் வைத்து’ என்று ஒரு வரி சேருங்கள். நண்பர் பகுதிக்கும் அப்படியே: அந்த நண்பரின் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டுத் தொடங்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முதலாண்டு ஹாஸ்டல் மாணவி பிடிப்பு வரிகளுக்கு ஊரில் இருக்கும் பள்ளித் தோழியையும், மறுயோசனை வரிகளுக்கு ரூம்மேட்டையும் நினைத்துக்கொள்வாள். நெருங்கிய நண்பர் யாரும் இல்லை என்பவர் அந்தப் பகுதியை வெறுமையாக விடலாம் என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை 1 என்று கணக்கில் ஏற்றிவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பை ஒருவர் மட்டும் செய்வது போதாது. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழில் எழுதி, ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு எட்டுப் பத்து மாணவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் ‘இதை உன் வார்த்தையில் சொல்லு’ என்று கேட்க வேண்டும். மேலே சொன்ன புறம் பேசும் சிக்கல் இந்தக் கடைசிப் படியில்தான் வெளியே வரும்.

அடுத்தது உட்காரும் இடம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நெருங்கிய தோழி பெரும்பாலும் அதே பெஞ்சில், அதே தாளோடு உட்கார்ந்திருக்கிறாள். ‘வேறு நெருங்கிய தோழியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்ற வரிக்கு 4 போட யாருக்குக் கை வரும்? வகுப்பைக் கலைத்து, தேர்வு அறைபோல இடம் விட்டு உட்காரவைக்க வேண்டும். பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். தாள்களை க்ளாஸ் டீச்சர் வாங்கக் கூடாது. 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் கட்டாயம். ரிவிஷன் டெஸ்ட், ரிசல்ட் வாரங்களில் இதை நடத்துவது வீண்: அரியர் விழுந்த மறுநாள் எல்லாருக்கும் மறுயோசனைதான்.

மதிப்பெண் போடுவது எளிது. கட்டின் எண்களைக் கூட்டி வரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். இங்கே பலரும் செய்யும் தப்பு, படிப்பையும் நட்பையும் சேர்த்து ஒரே சராசரியாக்குவது. ஒரு கற்பனைத் தாள்: படிப்பில் பிடிப்பு 4.2, தேடல் 2.2, மறுயோசனை 1.3. நட்பில் பிடிப்பு 2.4, தேடல் 3.8, மறுயோசனை 3.7. சேர்த்துச் சராசரி எடுத்தால் 3.3, 3.0, 2.5 என்று எந்தப் பக்கமும் சாயாத, கவலையில்லாத பிள்ளை கிடைக்கும். பிரித்துப் பார்த்தால் படிப்பில் கேள்வியே கேட்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நட்பில் தூங்காமல் தவிக்கிறது. பேச வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

மறுயோசனையில் மூன்றே வரி என்பதால் எண் துள்ளும். ஒரே வரியில் 2-க்குப் பதில் 4 விழுந்தாலே சராசரி 0.67 ஏறிவிடும். ஜூலையில் 2.0, டிசம்பரில் 2.7 என்று பார்த்துவிட்டு ‘மாணவி தடுமாறுகிறார்’ என எழுதுவது அவசரம்.

இதன் பெரிய ஓட்டை வேறொன்று. எதிர்மறையாகத் திருப்பிக் கேட்கும் வரி ஒன்றுகூட இல்லை. ஆமாஞ்சாமி போட்டுக்கொண்டே 26 வரிக்கும் 4 வட்டமிட்ட மாணவனுக்குப் பிடிப்பும் தேடலும் மறுயோசனையும் மூன்றும் உயரம். ஆராய்ச்சியாளர்கள் அதே அச்சுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்: பிடிப்பை விடாமலே மாற்று தேடும் நிலை. உண்மையிலேயே அப்படித் தவிப்பவனையும், சாப்பாட்டு பெல்லுக்காகக் காத்திருப்பவனையும் தாள் பிரித்துக் காட்டாது. நடுவில் ‘இந்த வரிக்கு 2-ஐ வட்டமிடவும்’ என்று இரண்டு காவல் வரிகளைச் செருகி, மதிப்பெண்ணில் சேர்க்காமல் விடுங்கள்.

எத்தனைக்கு மேல் போனால் உயரம் என்று வெட்டு எண் கிடையாது. ‘பிடிப்பை விடாமலே மாற்று தேடும் நிலை’ போன்றவையெல்லாம் நூற்றுக்கணக்கான தாள்களைக் கணினியில் குழு பிரித்துக் கண்டவை. ஒற்றைத் தாளை வைத்துப் பிள்ளைக்கு முத்திரை குத்த இடமில்லை. தேடல் கூடினால் நல்லது என்றும் நம்பிவிடக் கூடாது: 2008 ஆய்விலேயே அது ஆர்வத்தோடு மட்டுமல்ல, மனக் கலக்கத்தோடும் சேர்ந்தே வந்தது.

வயது ஏற ஏற தாள் இறுகுகிறது. 16-இல் நெருங்கிய நண்பர் என்பது பொருத்தமான கேள்வி. 21-இல் கொந்தளிப்பு வேறிடத்தில் இருக்கலாம். ‘படிப்பு’ இருந்த இடத்தில் வேலையையும் ‘நண்பர்’ இருந்த இடத்தில் துணையையும் வைத்துக் கேட்பது உண்டு. நம் கல்லூரித் தாளில் காதலன், காதலி என்று அச்சடித்தால் நிர்வாகம் விடாது, விட்டாலும் பிள்ளைகள் உண்மை எழுதமாட்டார்கள். ஆகவே நண்பரே தொடர்கிறார். வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்த இறுதியாண்டு மாணவியின் மிகப் பெரிய உறவுக் கேள்விக்கு இந்த 26 வரியில் இடமே இல்லை. அதற்கு எதிரே உட்கார்ந்து கேட்பதைத் தவிர வழி கிடையாது.

மாற்றுத் தாள்களில், ஆய்வாளர் லூய்க்ஸும் சகாக்களும் அதே 2008-இல் தந்த டிட்ஸ் (DIDS; 25 வரி, ஐந்து கட்டு) எதிர்காலத் திட்டங்களைப் பற்றியது. யோசிப்பதையும் மறுகிக்கொண்டே கிடப்பதையும் அது தனித்தனியாக அளக்கிறது. வேலை, மேற்படிப்பு என்று குழம்பி வருபவர்களுக்கு அதுவே மேல், ஆனால் உறவுகள் அதில் இல்லை. அடையாளத்தை அளக்கும் இன்னொரு தாளான 64 வரி இ.ஓ.எம்.-இ.ஐ.எஸ்-2 (EOM-EIS-2) நம் வகுப்பறைக்கு நீளம். போனில் வரும் நான்கெழுத்துப் பர்சனாலிட்டி டெஸ்ட் குணத்தை வகை பிரிப்பது, அதை இதோடு சேர்த்துப் பேசுவதே தப்பு.

அச்சுச் செலவு மாணவருக்கு ஒரு தாள், இரண்டு பக்கம். முன்பக்கம் படிப்பு, பின்பக்கம் நட்பு என்று அச்சிட்டால், முதல் பக்கத்தை முடித்ததும் திருப்பாமலே கொடுத்துவிடுகிறவர்கள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். கீழே ‘பக்கத்தைத் திருப்பவும்’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.