திருமலை இலைக்கஞ்சிக் கடை: அப்பாவுக்குத் தொண்டையில் இறங்கிய ஒரே சாப்பாடு

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. திருகோணமலை டவுனில் இருந்து உவர்மலைக்கு ஏறும் பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு பெரிய பானையும் வைத்துக்கொண்டு ஒரு அக்கா காலையில் இலைக்கஞ்சி விற்பார். ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடிந்துவிடும். நல்ல கஞ்சி விற்கும் இடங்கள் திருமலையில் வேறும் இருக்கின்றன, இந்தக் கடையைப் பற்றி நான் எழுதுவது ருசிக்காக மட்டும் இல்லை.

அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய். நாற்பது வருடமாக வெற்றிலையும் புகையிலையும் போட்டவர். கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தங்கி 33 தடவை கதிர்ச் சிகிச்சை, நம் ஆட்கள் 'கரண்ட்' என்று சொல்வது, கிழமைக்கு ஐந்து நாள் வீதம் கிட்டத்தட்ட ஏழு கிழமை. ஒரேயடியாகக் கொடுக்காமல் இப்படித் துண்டு துண்டாகக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: கதிர் கட்டியை மட்டும் தொட்டுவிட்டு நிற்பதில்லை, போகும் வழியில் உள்ள நல்ல தசையிலும் பட்டுத்தான் போகிறது, நல்ல கலங்கள் அடுத்த நாளுக்குள் ஓரளவு தங்களைத் திருத்திக்கொள்ளும், புற்றுநோய்க் கலங்களுக்கு அந்தத் திறன் குறைவு. ஆனாலும் வாயின் உள்தோல் அடிக்கடி உரிந்து புதிதாக வளர்கிற தோல், அதனால் முதலில் அடிபடுவது அதுதான். மூன்றாம் கிழமையிலேயே வாயெல்லாம் புண். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அதே வழியில் இருப்பதால் எச்சில் பசை மாதிரித் தடித்து, அப்புறம் வற்றியே போய்விட்டது. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது.

நாங்கள் சரியாக விளங்கிக்கொள்ளாமல் இருந்த ஒன்று, கடைசி நாளோடு இது நிற்காது என்பது. சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு கிழமை வரைக்கும் புண் கூடிக்கொண்டே போகலாம், அதன் பிறகுதான் மெதுவாக ஆறும். எல்லாம் முடிந்தது என்ற சந்தோஷத்தில் ஊருக்கு வந்த எங்களுக்கு அந்தப் பத்து நாளும் நரகம். சொதியும் இடியப்பமும் கூட உள்ளே போகவில்லை. டவுனில் ஒரு கடையில் மிளகு போடாமல் சூப் வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லி வாங்கினேன், வீட்டில் திறந்தால் மேலே மிளகுத்தூள் மிதக்கிறது. அப்பா ஒரு கரண்டி வைத்துவிட்டுக் கண்ணீரோடு எழும்பிப் போனார்.

அடுத்த நாள் காலை இந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளை, இலை நார் ஐயாவுக்குத் தொண்டையில ஒட்டும், நான் வடிச்சுத் தாறன்" என்றார். நான் யோசிக்காததை அவர் யோசித்தார். எச்சில் இல்லாத வாயில் வல்லாரை நார் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது. உள்ளி, மிளகு, தேசிக்காய் எதுவும் இல்லாமல் தனியாக ஒரு சின்னச் சட்டியில் அரிசியையும் பயறையும் குழைய அவித்து, தேங்காய்ப்பாலைத் தடிப்பாக விட்டு, துணியில் வடித்து, விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆற்றித் தந்தார். அப்பா அன்று ஒரு பேணி முழுவதும் குடித்தார். பத்து நாளில் அதுதான் முதல் முழுச் சாப்பாடு. பயறும் தேங்காய்ப்பாலும் முக்கியம், ஏனென்றால் புண் ஆறப் புரதமும் சக்தியும் வேண்டும், அப்பா அதற்குள் ஏழு கிலோ குறைந்திருந்தார்.

குறைகளும் உண்டு. அக்கா இல்லாத நாளில் நிற்கிற தம்பி கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தருவார், கொண்டுபோய் ஆற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பனங்கட்டியைக் கேட்காமலே கையில் வைத்துவிடுவார்கள். எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சூத்தை விழும், கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே கெட்டுப்போகவும் கூடும். அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே அப்பாவின் நான்கு பழுதான பற்களை எடுத்தார்கள். ஆகவே பனங்கட்டி வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். குடித்த பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து வாய் கொப்பளிக்க வையுங்கள், கடையில் விற்கிற எரிகிற மவுத்வாஷ் வேண்டாம்.

இப்போது எட்டு மாதம். வாய் இன்னும் காய்கிறது, தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் அப்பா வெளியே இறங்குவதில்லை. ஆனால் ருசி பெரும்பாலும் திரும்பிவிட்டது, போன மாதம் தானே அந்த மேசையடியில் நின்று குடித்துவிட்டு "இண்டைக்கு வல்லாரை கொஞ்சம் கூட" என்று அக்காவிடம் குறை சொன்னார். அக்காவுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

சாதாரணக் கஞ்சி 100 ரூபா, எங்களுக்குத் தனியாகக் காய்ச்சியதற்கும் அதே காசுதான் வாங்கினார். இப்படி வேண்டுமானால் முதல் நாளே சொல்லி வையுங்கள், ஃபிளாஸ்க்கும் கொண்டுபோங்கள். ஞாயிறு கடை இல்லை. சனிக்கிழமை கூடுதலாக வாங்கி வைக்க நினைக்க வேண்டாம், தேங்காய்ப்பால் விட்டது அடுத்த நாள் புளித்துவிடும், அந்தப் புளிப்பு புண்ணில் பட்டால் தாங்காது.