பழைய பார்க்கே (மரக்கட்டை பதிச்ச) தரை இடுக்குக்கு தூள் கலக்குற ரெசின் ஃபில்லர்: 5க்கு 4, ஆனா எல்லா இடுக்குக்கும் செட் ஆகாது

மொதல்ல ரிசல்ட்ட சொல்லிடறேன். ரெண்டு மில்லிமீட்டர் வரைக்கும் இருக்குற இடுக்குன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம், மூணுக்கு மேல போச்சுன்னா இத வாங்கி ஊத்துறது காசுக்குப் புடிச்ச கேடு. நடுவுல இருக்குறது உங்க பொறுமையப் பொறுத்தது.

எங்க வீடு லண்டன்ல ஹாரோ பக்கம், 1930கள்ல கட்டின செமி, அதாவது பக்கத்து வீட்டோட ஒரு செவுரு ஒட்டியிருக்குற வீடு. கார்பெட்டத் தூக்கிப் பாத்தா கீழ ஹெர்ரிங்போன்ல (மீன் முள்ளு மாதிரி கோணல் கோணலா அடுக்குற டிசைன்) ஓக் கட்டை, ஒவ்வொண்ணும் சுமாரா 9 இன்ச்சுக்கு 3 இன்ச், காங்கிரீட் மேல சூடா தார் ஊத்தி அதுல பதிச்சிருக்காங்க. அந்தக் காலத்து வீடுங்கள்ல இது சகஜம்தான், சில எடத்துல ஓக்குக்கு பதிலா பர்மா தேக்கே கெடக்கும், நம்ம செட்டிநாட்டு வீட்டுத் தூணுக்கு கப்பல்ல வந்த அதே பர்மா தேக்கு இந்தப் பக்கம் வந்து ஸ்கூல் ஹால் தரையாவும் ஆகியிருக்கு, சரி அது வேற கதை. இத்தன வருஷத்துல கட்டை சுருங்கி, தார் காஞ்சு, ஹால் பூரா இடுக்கு. குளிர்காலத்துல ஹீட்டிங் போட்டா உள்ள காத்து காஞ்சு இடுக்கு இன்னும் வாயப் பொளக்கும், ஈரமான சீசன்ல கொஞ்சம் மூடிக்கும்.

எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க பாதி எடத்துல வெள்ளையா கால்க் (ரப்பர் மாதிரி காயுற இடுக்கு அடைக்கிற பசை) அப்பி வெச்சிருந்தாங்க. கத்தி முனையால நோண்டினா நூல் நூலா உரிஞ்சு வருது, அது கூடவே எந்தக் காலத்து அழுக்கோ தெரியல. வாசப்பக்கம் பிவிஏ கோந்துல மரத்தூள் கலந்து பூசியிருக்காங்க, நெட்ல நெறைய பேர் இததான் சீப் ஐடியான்னு சொல்றாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க. கோந்து சுத்தி இருக்குற மரத்துலயும் ஊறி அடைச்சிடும், அப்புறம் ஆயிலோ ஸ்டெயினோ அந்த எடத்துல உள்ள எறங்காது, ஒவ்வொரு ஜாயின்ட்டு ஓரத்துலயும் வெளிறிப்போன கோடு தெரியும், சுரண்டித்தான் எடுக்கணும்.

கடையில போனா ரெண்டு ரகம் கெடைக்கும். தண்ணி பேஸ், சால்வென்ட் (கெமிக்கல் கரைப்பான்) பேஸ். இங்க அதிகமா அடிபடுற பேருன்னா தண்ணி ரகத்துல போனா மிக்ஸ் அண்ட் ஃபில், சால்வென்ட்ல லெகோல் 7500. ரெண்டுலயும் நீங்கதான் சாண்டிங் தூள, அதாவது தரைய மெஷின்ல தேய்க்கும்போது வர்ற மரத்தூளக் கலக்கணும், டப்பால வெறும் ரெசின்தான் இருக்கும். நான் வாங்கினது தண்ணி ரகம், பிராண்ட் வேணும்னே போடல, ஏன்னா நான் சொல்லப்போற நல்லது கெட்டது எல்லாம் இந்த வகைக்கே பொருந்துறது, ஒரு கம்பெனிக்கு மட்டும் இல்ல. சால்வென்ட் சீக்கிரம் காயும், மரத்துல நாரு எழும்பாது, ஆனா நாத்தம் தாங்காது, தவிர சட்டுனு தீப்புடிக்கிற சமாச்சாரம், பாய்லர்ல பைலட் (எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்குற சின்னத் தீ) எரியுற வீட்டுல யோசிக்கணும். கொழந்த இருக்குற வீட்டுக்கு தண்ணி ரகமே போதும்.

பூசுறதுக்கு முன்னாடி வேல நெறைய இருக்கு, அத விட்டுட்டு ஃபில்லரத் திட்டி ஒரு ஸ்டார் போடறவங்களப் பாத்தா கடுப்பாகுது. ஒவ்வொரு கட்டையா தட்டிப் பாருங்க, டொக்குன்னு வெத்து சத்தம் வந்தா அடியில ஒட்டு விட்டிருச்சுன்னு அர்த்தம். பக்கத்துத் தெருவுல பில்டிங் வேல செய்யிற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் வந்து பாத்துட்டு ஒரே வரில முடிச்சிட்டார், "தம்பி, கட்டை ஆடுதெண்டால் முதல்ல அதை ஒட்டுங்கோ, பிறகு பூசலாம்." ஆடுற கட்டை பக்கத்துல எவ்ளோ காஸ்ட்லி ஃபில்லர் போட்டாலும் நாலு தடவ மிதிச்சா பொடிப்பொடியா வெளிய வந்துரும். ஒட்டுறதுக்கு பழைய தார் மேல புடிக்கிற எம்எஸ் பாலிமர் பசைன்னு கேட்டு வாங்குங்க, சாதா மரப்பசை தார்ல புடிக்காது. இன்னொண்ணு முக்கியம், அந்தக் காலத்து கறுப்பு பசையில ஆஸ்பெஸ்டாஸ் இருக்க சான்ஸ் உண்டு, பிரிட்டன்ல அது முழுசா தடையானதே 1999லதான், அதனால தாரச் சுரண்டறதுக்கு முன்னாடியே சின்ன சாம்பிள் லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணிருங்க, பெரிய செலவில்ல.

இப்ப தூள். மெஷின்ல 40 கிரிட் (உப்புத்தாளோட சொரசொரப்பு நம்பர், ஏற ஏற நைஸ்), 60, அப்புறம் 80ன்னு உப்புத்தாள மாத்திக்கிட்டே போவோம்ல, மொதல் ரவுண்டு தூள்ல பழைய வார்னிஷ், அழுக்கு, தார் எல்லாம் இருக்கும், அத அப்படியே கொட்டிருங்க. பைய சுத்தமா ஒதறிட்டு 80ல வர்ற நைஸ் தூள மட்டும் எடுத்து வைங்க. ரெசின்ல கொஞ்சம் கொஞ்சமா போட்டு தோசை மாவு பதத்துக்குக் கொண்டு வரணும். தண்ணியா இருந்தா காயும்போது குழி விழும், கெட்டியா இருந்தா இடுக்குக்குள்ள எறங்காம மேலயே நிக்கும். சின்னச் சின்னதா கலக்குங்க, சீக்கிரமே ஆடை கட்ட ஆரம்பிச்சிடும்.

பூசுறது நம்மூர் பெயின்டருங்க செவுத்துக்கு பட்டி பாக்குற அதே வேலதான், ஆனா பழைய இரும்பு பட்டி பிளேட தொடவே கூடாது. ஓக்ல டானின்னு ஒரு துவர்ப்புச் சத்து இருக்கு, ஈரத்தோட இரும்பு பட்டா ரியாக்ட் ஆகி ஊதா கலந்த கறுப்புக் கறை புடிக்கும், துரு புடிச்ச டப்பால கலந்தாலும் இதே கதைதான். ஸ்டெயின்லெஸ் கரணையோ பிளாஸ்டிக்கோ எடுத்துக்கங்க. ஜாயின்ட்டுக்குக் குறுக்கால சாய்ச்சு அழுத்தி இழுத்தா உள்ள நல்லா எறங்குது, இடுக்கு இடுக்கா தேடிப் பூசாம தரை முழுக்க ஒரு இழுப்பு இழுத்துடுங்க, கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டையெல்லாம் அடைஞ்சிடும். காஞ்சதும் ஆழமான எடத்துல கொஞ்சம் உள்வாங்கும், அங்க மட்டும் இன்னொரு கை. அப்புறம் 100, 120 கிரிட் போட்டு தேச்சா மேல இருக்குற படலம் போயி, வெறும் ஜாயின்ட்டுல மட்டும் நிக்கும்.

கலர் மேட்டர்லதான் ஒரு ஸ்டாரக் கொறச்சேன். அதே மரத்தோட தூள்தான, அப்படியே கலந்துடும்னு எல்லாரும் நெனைப்பாங்க, கலக்காது, தூள் ரெசின ஊறி உறிஞ்சிடறதால மரத்த விட ஒரு ஷேட் டார்க்காத்தான் நிக்கும். ஹெர்ரிங்போன்ல அது பழைய லுக்குக்கு நல்லாவே இருக்கு, ஆனா வெளுத்த ஸ்கான்டிநேவியன் ஸ்டைல் வேணும்னு ஆசப்படறவங்க மூலைல சின்னதா பூசி, காஞ்சதும் வொயிட் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கிற திரவம்) தடவிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, லாக்கர் அடிச்சா வர்ற கலர் கிட்டத்தட்ட அதுதான்.

பெரிய இடுக்குக்கு ஓக்லயே மெல்லிசா சீவின சிலாம்பு அடிச்சு எறக்கி, ஒரு பக்கம் மட்டும் பசை போட்டு, மேல துருத்திட்டு இருக்குறத சீவி விட்டுருங்க. ரெண்டு பக்கமும் ஒட்டினா மரம் அசையும்போது வேற எங்கயாவது விரியும். செவுத்து ஓரமா 10, 12 மில்லிமீட்டர் கேப் விட்டிருப்பாங்க பாருங்க, அது மரம் உப்புறதுக்குன்னு விட்டது, அதுல ரெசின ரொப்பாதீங்க, கார்க் பட்டை வெச்சா போதும். குளிர்காலம் வந்தா சில ஜாயின்ட்டுல மயிரிழை மாதிரி விரிசல் தெரியத்தான் செய்யும், அது ஃபில்லரோட குத்தம் இல்ல, மரம் அப்படித்தான். வீட்டுக்குள்ள ஈரப்பதம் 50 சதவீதம் பக்கத்துல இருக்குற சீசனா பாத்து வேலைய வெச்சுக்கிட்டா குளிர்ல சுருங்குறது, ஈரத்துல உப்புறது ரெண்டையும் ஓரளவு சமாளிக்கும்.

மெஷின் வாடகைக்கு எடுத்தா தூள் பைய ராத்திரி வீட்டுக்குள்ள வெக்காதீங்க, பழைய வார்னிஷ் கலந்த தூள் தானா சூடாகி தீப்புடிச்ச கேஸ் உண்டு, வெளிய கொண்டு போயி கொட்டிருங்க. மிச்சம் இருக்குற ரெசின் டப்பாவுக்கு நேர் எதிர், அது வீட்டுக்குள்ளதான் இருக்கணும், தோட்டத்து ஷெட்ல போட்டா ஜனவரி குளிருக்கு உறைஞ்சு திரிஞ்சிடும், அப்புறம் அடுத்த ரூமுக்கு புது டப்பாதான் வாங்கணும்.